கொழும்பின் ஒழுங்கைகளையும் சைக்கிள் வழிகளையும் ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பில் சேர்ப்பது எப்படி: முழுமையான வழிகாட்டி

காலி வீதி எந்த வரைபடத்திலும் இருக்கும். மரைன் டிரைவும் பௌத்தாலோக மாவத்தையும் இருக்கும். சைக்கிளில் போகிறவருக்கு வேண்டிய செய்திகள் வேறு: எந்த ஒழுங்கை மறுபக்கம் வெளியே விடும், எது கடைசி வீட்டு மதிலோடு முடியும், எந்தக் கால்வாய்க் கரையில் மழைக்குப் பிறகும் ஓட்டலாம், எந்த இரும்புக் கேற் இரவில் பூட்டப்படும் என்பவை. 2022ஆம் ஆண்டு எரிபொருள் தட்டுப்பாட்டின்போது பழைய சைக்கிளைத் தூசு தட்டி எடுத்த பலர் இவற்றையெல்லாம் ஓட்டி ஓட்டியே அறிந்துகொண்டார்கள். அந்த அறிவை எல்லாருக்கும் பயன்படும்படி ஒரு திறந்த வரைபடத்தில் பதிவது எப்படி என்பதே இந்த வழிகாட்டியின் பொருள்.

அந்த வரைபடம் ஓப்பன்ஸ்ட்ரீட்மேப். 2004இல் இங்கிலாந்தில் ஸ்டீவ் கோஸ்ட் தொடங்கிய இந்தத் திட்டத்தில் இன்று கணக்குத் திறந்தோர் ஒரு கோடியைத் தாண்டுவர். தொகுக்கப்பட்ட தரவை எவரும் இலவசமாகப் பயன்படுத்தலாம். மூலத்தைக் குறிப்பிட வேண்டும், தரவை மேம்படுத்தி வெளியிட்டால் அதையும் அதே உரிமத்தில் திறந்துவிட வேண்டும் என்பவையே முக்கிய நிபந்தனைகள். ஓஸ்மாண்ட், ஓர்கானிக் மேப்ஸ் போன்ற செயலிகள் இந்தத் தரவிலேயே இயங்குகின்றன. இலங்கைக்கும் இது புதிதன்று. உலக வங்கியின் ஓப்பன் சிட்டீஸ் திட்டத்தின் கீழ் மட்டக்களப்பு மண்முனை வடக்கில் கட்டடங்கள் ஏற்கெனவே இந்த வரைபடத்தில் குறிக்கப்பட்டுள்ளன.

தொடங்குமுன் ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்வது நல்லது. கொழும்பின் வீதிக் கோடுகளில் பெரும்பாலானவை செய்மதிப் படத்தைப் பார்த்து ஏற்கெனவே வரையப்பட்டுவிட்டன. எங்கோ இருந்து கணினியில் வரைந்தவருக்குக் கூரைகளும் மரங்களும் தெரிந்திருக்கும். கேற், பெயர்ப்பலகை, ஒருவழிக் குறி, கானின் (வடிகாலின்) மூடி எதுவும் தெரிந்திருக்காது. ஆகவே இங்கே உள்ள தன்னார்வலரின் வேலையில் பெரும் பங்கு, இருக்கும் கோட்டுக்கு நேரில் பார்த்த தகவலைச் சேர்ப்பதுதான். புதுக்கோடு வரைய ஆசைப்படுகிறவர்கள் முதலில் இதை ஏற்றுக்கொண்டால் பின்னால் வரும் ஏமாற்றம் குறையும்.

எதைச் சேர்க்கலாம், எதைச் சேர்க்கக்கூடாது

அடிப்படை விதி ஒன்று: தரையில் இருப்பதும், இன்னொருவர் அதே இடத்துக்குப் போய்ப் பார்த்து உறுதிசெய்யக்கூடியதும் மட்டுமே வரைபடத்தில் இடம்பெற வேண்டும். "இந்த ஒழுங்கை சைக்கிளுக்கு மிகவும் பாதுகாப்பானது" என்பது கருத்து. அதைப் பதியும் இடம் இதுவன்று. "இந்த ஒழுங்கை கொங்கிரீட் போட்டது, அகலம் சுமார் 3 மீற்றர், ஒருவழி, தெருவிளக்கு உண்டு" என்பவை தரவுகள். இவற்றைக் கொண்டு பாதுகாப்பைத் தீர்மானிப்பது வழிகாட்டும் செயலியின் வேலை, இறுதியில் ஓட்டுநரின் வேலை.

இரண்டாவது விதி பதிப்புரிமை பற்றியது. கூகுள் மேப்ஸிலிருந்தோ அதன் தெருக் காட்சிப் படங்களிலிருந்தோ ஒரு பெயரைக்கூடப் பார்த்து எழுதக்கூடாது. கடையில் விற்கும் கொழும்பு வீதி வரைபடத்துக்கும் நில அளவைத் திணைக்களத்தின் வரைபடங்களுக்கும் இதே கட்டுப்பாடு உண்டு. இலவசமாகப் பார்க்கக் கிடைப்பதால் நகலெடுக்கும் உரிமை வந்துவிடாது. வரைபடத்தைத் திருத்தும் கருவியான திருத்தியின் உள்ளேயே தரப்படும் பிங், எஸ்ரி செய்மதிப் படங்களைப் பார்த்து வரைவதற்கு அனுமதி உண்டு. நீங்கள் எடுத்த ஒளிப்படம், நீங்கள் பதிவுசெய்த ஜிபிஎஸ் தடம், வீதியில் உள்ள பெயர்ப்பலகை ஆகியவையே மிக நல்ல மூலங்கள்.

மூன்றாவது, இங்குள்ள சூழலுக்கு உரியது. இராணுவ முகாம், பொலிஸ் நிலையம், அமைச்சர்களின் இல்லம், துறைமுக வளாகம் ஆகியவற்றின் அருகே கமெராவை எடுக்க வேண்டாம். அவற்றின் உட்புற அமைப்பைச் செய்மதிப் படத்தைப் பார்த்து வரையவும் வேண்டாம். ஒரு கோட்டுக்காகக் காவலரணில் நின்று விளக்கம் சொல்லும் நிலை தேவையற்றது. தனியார் வீடுகளில் வசிப்போரின் பெயர், தொலைபேசி எண் போன்றவற்றுக்கும் வரைபடத்தில் இடமில்லை.

இடத்தைத் தேர்ந்தெடுத்தல்

முதல் வேலைக்குச் சிறிய பகுதி ஒன்றே போதும். வெள்ளவத்தையில் காலி வீதிக்கும் மரைன் டிரைவுக்கும் இடைப்பட்ட ஒழுங்கைகள் பழகுவதற்கு ஏற்றவை. இரண்டு பெரிய வீதிகளுக்கு நடுவே ஏணிப்படிபோல வரிசையாக அமைந்திருப்பதால் எதையும் விட்டுவிடாமல் பார்க்கலாம். காலி வீதிக்குக் கிழக்கே, கால்வாய்ப் பக்கம் போகும் ஒழுங்கைகள் சற்றுக் கடினம், ஏனெனில் அவற்றுள் பல வளைந்து போய் முட்டி நிற்கும். கொட்டாஞ்சேனை, கிராண்ட்பாஸ், மட்டக்குளிப் பகுதிகளில் தோட்டங்கள் எனப்படும் நெருக்கமான குடியிருப்புகளின் உள்வழிகளை அங்கேயே வசிப்பவர், அல்லது அங்குள்ள ஒருவரின் துணையுடன் செல்பவர் செய்வதே முறை. வெளியாள் ஒருவர் கைத்தொலைபேசியை உயர்த்திப் பிடித்தபடி ஒருவர் வீட்டு வாசலைக் கடந்து போனால் அங்குள்ளோர் சந்தேகப்படுவது நியாயமே.

பகுதியைத் தீர்மானித்ததும் ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் தளத்தில் மின்னஞ்சல் கொடுத்துக் கணக்கொன்றைத் திறவுங்கள். உங்கள் திருத்தங்கள் அனைத்தும் அந்தப் பயனர்பெயரோடு எல்லாருக்கும் தெரியும் என்பதால், சொந்தப் பெயரைக் கொடுக்க விரும்பாதவர்கள் புனைபெயரைத் தெரிவுசெய்யலாம். பிறகு வலப்பக்கத்தில் உள்ள அடுக்குகள் பட்டியலைத் திறந்து சைக்கிளோஎஸ்எம் என்ற அடுக்குக்கு மாறிப் பாருங்கள். சைக்கிளுக்குரிய தரவை முன்னிறுத்தும் இந்தக் காட்சியில் உங்கள் பகுதி எவ்வளவு வெறுமையாக இருக்கிறது என்பது ஒரே பார்வையில் புலப்படும். எந்த ஒழுங்கைக்குப் பெயரில்லை, எது பாதியில் நிற்கிறது, எங்கே இரண்டு கோடுகள் தொடுவதுபோலத் தெரிந்தும் தொடவில்லை என்பவற்றைத் தாளில் குறித்துக்கொள்ளுங்கள்; களத்துக்கு எடுத்துப்போக வேண்டிய கேள்விப் பட்டியல் அதுவே.

களத்தில்

ஞாயிற்றுக்கிழமை அல்லது போயா தினத்தன்று அதிகாலையில் போவது நல்லது. நெரிசல் இல்லை, வெயில் இல்லை, ஒழுங்கை வாயில்களை மறைத்து நிற்கும் வாகனங்களும் குறைவு. ஆனால் நேரக் கட்டுப்பாட்டுடன் கூடிய ஒருவழி வீதிகளும், பகலில் மட்டும் திறந்திருக்கும் கேற்களும் உள்ள இடத்துக்கு வேலைநாளிலும் ஒருமுறை போக வேண்டும்.

கைத்தொலைபேசியில் தடப்பதிவுச் செயலி ஒன்றைத் தொடக்கிவிட்டுச் சட்டைப்பையிலோ கைபிடியிலோ வையுங்கள். ஓஸ்மாண்டிலேயே அந்த வசதி உண்டு. திறந்த வானத்தின் கீழ் கைத்தொலைபேசியின் ஜிபிஎஸ் சில மீற்றர் வித்தியாசத்தில் இடத்தைக் காட்டும்; இருபுறமும் தொடர்மாடிகள் எழுந்த ஒழுங்கையில் சமிக்ஞை சுவரில் பட்டுத் தெறிப்பதால் தடம் பக்கத்து வளவுக்குள் புகுந்து வரும். அதனால் ஒரே தடத்தை நம்பிக் கோட்டை நகர்த்தக்கூடாது. போய்த் திரும்பி வந்து, இரண்டு தடங்களையும் செய்மதிப் படத்தையும் ஒருங்கே பார்த்தபின் முடிவுசெய்வதே சரி.

ஒவ்வொரு ஒழுங்கையின் முனையிலும் பெயர்ப்பலகையைப் படமெடுங்கள். மும்மொழியிலும் எழுத்துத் தெளிவாகத் தெரியும்படி நெருங்கி எடுத்தால் பிறகு எழுத்துக்கூட்டலுக்காக மீண்டும் ஓட வேண்டியிராது. ஒழுங்கை முட்டி நிற்குமிடத்தில் என்ன இருக்கிறது என்பதையும் எழுதிக்கொள்ளுங்கள்: மதிலா, கேற்றா, படிக்கட்டா, அல்லது சைக்கிளை இறங்கித் தள்ளிக்கொண்டு போகக்கூடிய சந்தா? இந்த ஒரு வேறுபாட்டில்தான் ஒரு நல்ல வழி பிறப்பதும் இறப்பதும்.

சந்தேகம் இருந்தால் அருகிலுள்ள முச்சக்கரவண்டித் தரிப்பிடத்தில் கேளுங்கள். "அது அங்கால போகாது தம்பி, மோட்டார்பைக் மட்டும் போகும், ராத்திரி பத்துக்குப் பூட்டுவாங்க" என்று அவர்கள் சொல்லும் ஒரு வசனத்தில் மூன்று தரவுகள் இருக்கும். கேட்டதை வைத்து மட்டும் பதியாமல் போய்ப் பார்த்துவிட்டுப் பதியுங்கள்.

தரையைப் பார்ப்பதில் சிக்கனம் வேண்டாம். தார் வீதியா, கொங்கிரீட்டா, இன்ரலொக் கல்லா, கிரவலா என்பது முதல் கேள்வி. கொழும்பின் பல ஒழுங்கைகளில் ஒரு பக்கத்துக் கான் கொங்கிரீட் பலகைகளால் மூடப்பட்டிருக்கும். வாகனம் எதிரே வந்தால் சைக்கிள் அந்தப் பலகைமேல்தான் ஒதுங்க வேண்டும். இரண்டு பலகைகளுக்கு இடையே விரலளவு இடைவெளி இருந்தால் பரவாயில்லை. பலகை உடைந்து கம்பி வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் இடத்திலும், இரும்பு அழியின் கம்பிகள் வீதி போகும் திசையிலேயே நீளவாக்கில் அமைந்த இடத்திலும் ஒல்லியான டயர் உள்ளே இறங்கிவிடும். இத்தகைய ஆபத்துகளைத் தரவாக எழுதுவதில் ஓர் எல்லை உண்டு, ஏனெனில் அடுத்த மாதம் மாநகர சபை பலகையை மாற்றிவிடலாம். நிரந்தரமான அமைப்பைப் பதியுங்கள், உடைந்த பலகையை உரிய அதிகாரிகளுக்கு முறையிடுங்கள்.

கோடு வரைதலும் இணைத்தலும்

வீட்டுக்கு வந்ததும், கணினியின் உலாவியில் தளத்தைத் திறந்து திருத்து என்பதை அழுத்தினால் ஐடி என்ற திருத்தி வரும். நிறுவ வேண்டிய மென்பொருள் எதுவும் இல்லை. ஜோசம் என்ற கணினி மென்பொருள் அதைவிடப் பலம் வாய்ந்தது. ஆனால் முதல் சில மாதங்களுக்கு ஐடி தாராளமாகப் போதும்.

ஜிபிஎஸ் தடக் கோப்பை இழுத்துத் திருத்தியின் மீது விட்டால் அது நிறக் கோடாகத் தோன்றும். செய்மதிப் படம் சில இடங்களில் சில மீற்றர் நகர்ந்து இருக்கும். தடங்கள் எல்லாம் ஒரே பக்கமாக விலகித் தெரிந்தால் பின்னணிப் பலகத்தில் உள்ள படநகர்த்தல் வசதியால் படத்தை முதலில் சரிசெய்யுங்கள். அதைச் செய்யாமல் ஏற்கெனவே சரியாக இருக்கும் வீதிகளைப் படத்துக்கேற்ப இழுத்து வைப்பது, புதியவர்கள் செய்யும் தீங்குகளில் தலையாயது.

ஒழுங்கை ஒன்று வரைபடத்தில் இல்லையென்றால் கோடு என்ற கருவியை எடுத்து, பெரிய வீதியின் கோட்டின் மீதே முதற் சொடுக்கைக் கொடுத்துத் தொடங்குங்கள். அப்போது இரண்டு கோடுகளுக்கும் பொதுவான புள்ளி ஒன்று உருவாகும். வழிகாட்டும் செயலி ஒரு வீதியிலிருந்து இன்னொன்றுக்கு மாறுவது இந்தப் பொதுப்புள்ளி வழியாக மட்டுமே. அரை மீற்றர் இடைவெளி விட்டாலும், கண்ணுக்கு இரண்டும் தொடுவதுபோலத் தெரிந்தாலும், செயலிக்கு அது முட்டுச்சந்து. வளைவுகளில் கூடுதல் புள்ளிகளும் நேரான பகுதிகளில் குறைவான புள்ளிகளும் இடுங்கள். இரட்டைச் சொடுக்கு கோட்டை முடிக்கும்.

எல்லாக் குறுக்கீடும் இணைப்பாகாது. வெள்ளவத்தைக் கால்வாயைக் கடக்கும் பாலத்தில் வீதிக்கும் நீருக்கும் பொதுப்புள்ளி இருக்கக்கூடாது; பாலப் பகுதியைத் தனியாக வெட்டி, பாலம் என்றும் மேலடுக்கு 1 என்றும் குறிக்க வேண்டும். மாறாக, கரையோர ரயில் பாதையைத் தரைமட்டத்தில் தாண்டும் கடவையில் வீதியும் தண்டவாளமும் ஒரு புள்ளியைப் பகிர வேண்டும், அந்தப் புள்ளிக்குக் கடவை என்ற வகையையும் கொடுக்க வேண்டும்.

இது என்ன வகை வீதி?

பயனுள்ள வரைபடமும் பயனற்ற வரைபடமும் பிரியுமிடம் இதுதான். கோட்டைத் தெரிவுசெய்ததும் இடப்பக்கத்தில் வகைகளின் பட்டியல் வரும். ஏ, பி தர வீதிகளின் வகையைத் தொடவே வேண்டாம். கொழும்பிலிருந்து காலிக்குப் போகும் ஏ2 போன்றவற்றின் தரத்தை இலங்கைக்கான பொது உடன்பாட்டின்படி ஏற்கெனவே முடிவுசெய்திருக்கிறார்கள். உங்கள் வேலை அவற்றிலிருந்து பிரியும் சிறு வழிகளில்.

இருபுறமும் வீடுகள் இருந்து, கார் போய்வரக்கூடிய பொது ஒழுங்கை என்றால் அது ரெசிடென்ஷியல். வீட்டு மதில்களுக்கு இடையே முச்சக்கரவண்டி மட்டும் நுழையக்கூடிய ஒடுங்கிய வழி என்றால் சேர்விஸ் வகையில் அலி (alley) என்ற உட்பிரிவு. தொடர்மாடி ஒன்றின் வாகனத் தரிப்பிடத்துக்கோ ஒரே வீட்டுக்கோ போகும் வழி என்றால் டிரைவ்வே. அதில் தனியார் அனுமதி மட்டும் என்பதையும் சேர்க்க வேண்டும், இல்லையேல் செயலி யாரையோ யாருடைய முற்றத்துக்கோ கொண்டுபோய் விடும். நான்கு சக்கரமும் மூன்று சக்கரமும் போகாத, சைக்கிளும் மோட்டார்சைக்கிளும் நடப்பவரும் மட்டும் போகும் சந்து என்றால் பாத் என்பதே பொருத்தம்.

பாத் என்பதற்கும் புட்வே என்பதற்கும் உள்ள வேறுபாட்டைப் பலர் கவனிப்பதில்லை. புட்வே என்று குறித்தால் வழிகாட்டும் செயலிகள் பொதுவாக அதில் சைக்கிளை ஓட்டவிடா. தோட்டங்களின் உள்வழிகள் பல செய்மதிப் படத்தில் ஒடுக்கமாகத் தெரிவதால் புட்வே என்றே குறிக்கப்பட்டிருப்பது வழக்கம். உண்மையில் அங்குள்ளவர்கள் அன்றாடம் அதில் சைக்கிளில் போய்வருவார்கள். தடைப் பலகை எதுவும் இல்லை, ஓட்டுவதற்கு அகலமும் உண்டு என்பதை நேரில் உறுதிசெய்தால், சைக்கிளுக்கு அனுமதி உண்டு என்ற குறியைச் சேருங்கள். பூங்காவிலும் நடைப்பயிற்சிப் பாதையிலும் வாயிலில் உள்ள பலகையைப் படியுங்கள்: சைக்கிள் தடை என்றிருந்தால் இல்லை என்றும், இறங்கித் தள்ளலாம் என்றிருந்தால் அதற்குரிய டிஸ்மவுன்ட் என்ற மதிப்பும் கொடுக்கலாம்.

கேற், கம்பம், சங்கிலி ஆகியவற்றைக் கோட்டின் மீது தனிப் புள்ளியாக இடுங்கள். கேற் என்று மட்டும் குறித்துவிட்டு யாருக்கு அனுமதி என்பதைச் சொல்லாமல் விட்டால் ஒவ்வொரு செயலியும் தன் ஊகத்தின்படி நடக்கும். பக்கத்தில் சைக்கிள் நுழையும் இடைவெளி உண்டா என்பதைப் பார்த்து, உண்டென்றால் சைக்கிளுக்கு அனுமதி என்று அந்தப் புள்ளியிலேயே எழுதுங்கள்.

சைக்கிளுக்குரிய தகவல்கள்

தரைப்பரப்பு, வழவழப்பு, அகலம், விளக்கு, ஒருவழி ஆகிய ஐந்தும் சரியாக இருந்தால் ஒரு சைக்கிள் வழிகாட்டி கொழும்பில் நியாயமான வழியைச் சொல்லும். தரைப்பரப்பு என்பது பொருள். வழவழப்பு என்பது நிலை. குண்டும் குழியுமான தார் வீதியைவிடப் புதிதாக இட்ட கொங்கிரீட் ஒழுங்கை நன்றாக இருக்கலாம் என்பதால் இரண்டும் வேண்டும். வழவழப்புக்கான அளவுகோல் சக்கரத்தை வைத்து அமைந்தது: குட் என்றால் ஒல்லியான பந்தய டயருக்கும் ஏற்றது, இன்டர்மீடியட் என்றால் சாதாரண நகரச் சைக்கிளுக்கு ஏற்றது, பேட் என்றால் உறுதியான தடித்த டயர் வேண்டும்.

ஒருவழியில் இரண்டு கவனங்கள் தேவை. கோடு எந்தத் திசையில் வரையப்பட்டதோ அதுவே ஒருவழியின் திசையாகக் கொள்ளப்படும். தவறாக இருந்தால் திசை மாற்றும் விசையை அழுத்தித் திருப்புங்கள், ஆனால் அந்தக் கோட்டில் இடப்பக்கம், வலப்பக்கம் என்று ஏற்கெனவே எழுதப்பட்டவை சரியாக இருக்கின்றனவா என்பதையும் உடனே பாருங்கள். அடுத்தது, எதிர்த்திசையில் சைக்கிள் போகலாம் என்ற குறி. நம் ஊரில் ஒருவழி வீதியில் சைக்கிள்கள் எதிரே வருவது கண்கூடு என்றாலும், அறிவிப்புப் பலகை அனுமதிக்காத இடத்தில் அந்தக் குறியை இடக்கூடாது. அது சட்டம் பற்றிய குறி. பழக்கம் பற்றியது அன்று.

வீதியில் கோடு தீட்டிப் பிரித்த சைக்கிள் தடம் இருந்தால், எந்தப் பக்கம் என்று பார்த்து லேன் என்றும், கல்வரம்பு அல்லது தூண்களால் தனியாகப் பிரிக்கப்பட்டிருந்தால் ட்ரெக் என்றும் குறியுங்கள். அதன் மீது கார்கள் நிறுத்தப்பட்டிருந்தாலும் தடம் தடம்தான். பூச்சு அழிந்து கோடே தெரியாமல் போய்விட்டால், திறப்பு விழாவில் யார் நாடா வெட்டியிருந்தாலும், அது வரைபடத்திலும் இருக்கக்கூடாது.

கால்வாய்க் கரைகள் தனிக் கவனத்துக்குரியவை. ஒரே கரையில் கல் பதித்த நடைபாதை கொஞ்சத் தூரம், வெறும் மண் கொஞ்சத் தூரம், இடையில் வேலியால் அடைத்த துண்டு ஒன்று என்று மாறிமாறி வரும். மாறும் இடங்களிலெல்லாம் கோட்டை வெட்டி ஒவ்வொரு துண்டுக்கும் அதனதன் தரைப்பரப்பைக் கொடுங்கள். சலிப்பான வேலைதான், ஆனால் பிரதான வீதியின் பஸ் நெரிசலில் இருந்து சைக்கிளோட்டியை விலக்கும் வழிகள் இப்படிப்பட்ட கரைகளிலேயே கிடைக்கின்றன.

இனி, பெரும்பாலானோர் ஆவலோடு கேட்பது: நாங்கள் வழக்கமாக ஓட்டும் தெஹிவளை முதல் காலிமுகத்திடல் வரையான வழியை ஒரு சைக்கிள் வழித்தடமாகச் சேர்க்கலாமா? வழித்தடம் என்பது பல கோடுகளை ஒன்றாகக் கட்டும் ரிலேஷன் என்ற அமைப்பு. தரையில் வழிகாட்டிப் பலகையுடன் அறிவிக்கப்பட்ட தடங்களுக்கே அது உரியது. ஒரு குழுவின் ஞாயிறு ஓட்டத்தையோ ஒருவரின் அலுவலகப் பாதையையோ அதில் போடத் தொடங்கினால் வரைபடம் நிறைந்துவிடும், நம்பகம் போய்விடும். உங்கள் விருப்ப வழியிலுள்ள ஒவ்வொரு ஒழுங்கையின் தகவலையும் நிறைவாக்குங்கள். செயலி தானாகவே அந்த வழியைத் தேடி எடுக்கும். வழியின் தடக்கோப்பை நண்பர்களுக்குத் தனியாக அனுப்புவதை யாரும் தடுக்கவில்லை.

போகிற போக்கில் சைக்கிள் நிறுத்துமிடம், சைக்கிள் திருத்தும் கடை, காற்றடிக்கும் இடம் ஆகியவற்றையும் புள்ளிகளாகச் சேர்த்துவிடலாம்.

பெயர்கள்

கொழும்பில் வீதியின் பொதுப்பெயர்ப் புலத்தில் (பெயரை எழுதும் கட்டத்தில்) பெரும்பாலும் ஆங்கிலப் பெயரே இருக்கும். அதை மாற்றாமல், பெயர்ப் புலத்தின் அருகிலுள்ள கூட்டல் குறியை அழுத்தித் தமிழ், சிங்களப் பெயர்களைத் தனித்தனி மொழிப் புலங்களில் எழுதுங்கள். தமிழ்ப் பெயர் இருந்தால்தான் தமிழில் தட்டச்சுச் செய்து தேடுகிறவருக்கு வீதி கிடைக்கும். பலகையில் உள்ள வடிவத்தையே எழுதுங்கள். ஆங்கிலத்தை ஒலிபெயர்த்துப் புதுப்பெயர் உண்டாக்க வேண்டாம். ஆங்கிலத்தில் சீ ஸ்ட்ரீட் என்று எழுதப்படுவது தமிழர் எல்லாருக்கும் செட்டியார் தெரு. பாமினி போன்ற பழைய எழுத்துருவில் தட்டிய உரையை ஒட்டினால் வரைபடத்தில் பொருளற்ற ஆங்கில எழுத்துக் குவியலே தெரியும் என்பதால் யூனிகோட் விசைப்பலகையையே பயன்படுத்த வேண்டும்.

மாற்றப்பட்ட பெயர்களுக்கும் இடமுண்டு. ஆர்.ஏ. டி மெல் மாவத்தையை இன்றும் டுப்ளிகேஷன் ரோட் என்றே சொல்கிறோம். அது மாற்றுப்பெயர்ப் புலத்துக்கு உரியது. டபிள்யூ.ஏ. சில்வா மாவத்தைக்கு ஹை ஸ்ட்ரீட் என்பதும், தர்மபால மாவத்தைக்கு டரட் ரோட் என்பதும் பழைய பெயர்ப் புலத்துக்கு உரியவை. பலகையே இல்லாத ஒழுங்கைக்குப் பெயரை வெறுமையாக விடுங்கள்.

சேமித்தலும் சரிபார்த்தலும்

சேமிக்குமுன் திருத்தி தானே சில எச்சரிக்கைகளைக் காட்டும்: கிட்டத்தட்டத் தொடும் கோடுகள், கட்டடத்தைக் குறுக்கிடும் வீதி, வகையற்ற கோடு போன்றவை. நீங்கள் உண்டாக்கியவற்றைத் திருத்துங்கள். முன்பே இருந்தவற்றை, இடத்தைப் பார்த்திராவிட்டால், எச்சரிக்கை மறைய வேண்டும் என்பதற்காகத் தொட வேண்டாம்.

ஒவ்வொரு சேமிப்பும் ஒரு மாற்றத்தொகுப்பாகப் பதிவாகும். அதற்கு எழுதும் குறிப்பில் "வெள்ளவத்தை, காலி வீதிக்கு மேற்கே ஐந்து ஒழுங்கைகளுக்குத் தரைப்பரப்பும் தமிழ்ப் பெயரும் சேர்த்தேன்; நேரில் பார்த்தது" என்பதுபோல இடம், செயல், மூலம் மூன்றும் இருக்கட்டும். வெள்ளவத்தையில் ஒரு திருத்தமும் யாழ்ப்பாணத்தில் ஒரு திருத்தமும் செய்தால் இரண்டையும் தனித்தனியாகச் சேமியுங்கள், இல்லையேல் இடைப்பட்ட நாடு முழுவதையும் தழுவிய தொகுப்பாக அது காட்சியளித்து, சரிபார்ப்பவரைக் குழப்பும்.

முதன்மைத் தளத்தின் வரைபடத்தில் மாற்றம் பெரும்பாலும் சில நிமிடங்களில் தெரியும். வழிகாட்டும் சேவைகளுக்கு அதைவிட நேரம் ஆகும். கைத்தொலைபேசிச் செயலிகளில் வரைபடக் கோப்பு அடுத்த முறை புதுப்பிக்கப்படும்வரை பழையதே இருக்கும். சேவை புதுப்பிக்கப்பட்டதும், தளத்திலுள்ள திசைகாட்டும் வசதியில் சைக்கிளைத் தெரிவுசெய்து, நீங்கள் இணைத்த ஒழுங்கையின் ஒருமுனையிலிருந்து மறுமுனைக்கு வழி கேளுங்கள். அது காலி வீதியைச் சுற்றிக்கொண்டு போகச் சொன்னால், இணைப்புப் புள்ளி, கேற்றின் அனுமதி, ஒருவழித் திசை, புட்வே என்ற வகை ஆகியவற்றை அதே வரிசையில் சோதித்துப் பாருங்கள். காரணம் பெரும்பாலும் இந்த நான்கில் ஒன்றாகவே இருக்கும்.

யாரேனும் உங்கள் தொகுப்பின் கீழ்க் கேள்வி எழுப்பினால் மறுமொழி எழுதுங்கள். அவர் உலகின் வேறு மூலையில் இருந்தாலும், கேள்வி பெரும்பாலும் நியாயமானதாகவே இருக்கும். நேரில் எடுத்த ஒளிப்படம் உங்களிடம் இருந்தால் வாதம் நீளாது. தவறான திருத்தத்தைப் பின்னோக்கி எடுக்க முடியும் என்பதால் அஞ்ச வேண்டியதில்லை.

கணினி இல்லாதவர்களுக்கும் குழுக்களுக்கும்

அன்ட்ரொயிட் தொலைபேசி வைத்திருப்பவருக்கு ஸ்ட்ரீட்கம்ப்ளீட் என்ற செயலி மிக எளிய வாயில். நீங்கள் நிற்கும் இடத்துக்கு அருகே விடுபட்டுள்ள தகவலைக் கேள்வியாகக் கேட்கும்: இந்த வீதியின் தரைப்பரப்பு என்ன, விளக்கு உண்டா, சைக்கிள் தடம் உண்டா? விடையைத் தட்டினால் போதும், கோடு வரைய வேண்டியதில்லை. ஐபோன் வைத்திருப்போருக்கு கோ மேப், எவ்ரி டோர் ஆகியவை உள்ளன.

பாடசாலைக் கழகமோ சைக்கிள் குழுவோ சேர்ந்து செய்வதானால் கிராம உத்தியோகத்தர் பிரிவை அலகாகக் கொண்டு, ஒவ்வொரு சோடிக்கும் சில ஒழுங்கைகளைப் பிரித்துக்கொடுங்கள். ஒருவர் ஓட்டிப் பார்க்க, மற்றவர் எழுதலாம். ஒரே ஒழுங்கையை இருவர் ஒரே நேரத்தில் திருத்தினால் சேமிக்கும்போது முரண்பாடு வரும் என்பதால் எல்லையை முன்கூட்டியே தீர்மானிப்பது அவசியம். முதல் நாளில் ஒவ்வொருவரின் முதல் தொகுப்பையும் பழகிய ஒருவர் கூடவே இருந்து பார்த்துவிட்டால் பின்னால் திருத்தும் வேலை வெகுவாகக் குறையும்.

அதன்பின் பராமரிப்பு. சில நாட்களுக்குத் தோண்டி மூடும் வீதியை வரைபடத்தில் மூட வேண்டியதில்லை. மாதக்கணக்கில் நீளும் கட்டுமானத்தையும், புதிதாக வைத்த கேற்றையும், மாற்றிய ஒருவழியையும் பதிய வேண்டும். தென்மேல் பருவமழையில் ஆண்டுதோறும் முழங்கால் அளவு நீர் நிற்கும் ஒழுங்கைக்கு வெள்ளம் தேங்கும் இடம் என்ற குறியும் உண்டு. திருத்த நேரமில்லாத நாளில், தளத்திலேயே குறிப்பு இடும் வசதியால் இடத்தில் ஊசி குத்தி, "இங்கே கேற் வைத்துவிட்டார்கள், சைக்கிள் நுழைய இடமில்லை" என்று ஒருவரி எழுதினால், அந்தப் பகுதியைக் கவனிக்கும் இன்னொருவர் போய்ப் பார்த்துப் பதிந்துகொள்வார்.